மூன்றாவது சம்பந்தி

ஜூன் 4

சம்பந்தியம்மாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்க வேண்டும். தினமும் காலையில் என்னோடு மல்லுக்கு நிற்கத் தெம்பு இருக்கிறதே.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. அளவு கொடுத்தால் வெட்டுத்தாள் போட்டுத் தருகிற நம் புரோகிராமின் புகார்ப் பக்கத்தில் எழுதலாம் என்றால் அது ஊர் உலகமே படிக்கிற இடம். வெட்டுத்தாளை வைத்துத் துணி வெட்டுகிற தையல்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான் வந்து, ஒரு குறைக்கு ஒரு டிக்கெட் என்று எழுதிப்போடுகிறார்கள். சம்பந்தி சண்டையை அவர்கள் முன்னால் காயப்போட எனக்கு இஷ்டமில்லை. அதனால் ஸ்டாம்ப் வாங்கி ஒட்டுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பக்கத்தின் தலைமாட்டில் "அப்டேட் பட்டியல்" என்று ஒரு டிக்கெட் நிற்கிறது. யாரும் கேட்காத பட்டியல், யாருக்கும் புரியாத பட்டியல். நான் சாயங்காலம் கடையைச் சாத்தும்போது அதையும் மூடிவிட்டுப் போகிறேன். காலையில் வந்து பார்த்தால் திறந்து கிடக்கிறது. பக்கத்தில் உங்கள் பெயர், உங்கள் படம், நம் பிள்ளைகள் கல்யாணத்தில் எடுத்த அதே சிரித்த முகம். நான் மறுபடி மூடுகிறேன். நீங்கள் மறுபடி திறக்கிறீர்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கிடையாது.

போனில் நான் அப்படி என்ன கேட்டுவிட்டேன்? தோளில் கை சேரும் இடம் சுருங்குகிறது என்று பல பேர் எழுதுகிறார்களே, அதை எப்போது சரிசெய்வீர்கள் என்றுதான் கேட்டேன். "அதெல்லாம் தானா நடக்குது சம்பந்தி, நீங்க துணி சம்பந்தமா வர்றதை மட்டும் பாருங்க"ன்னு பட்டென்று வைத்துவிட்டீர்கள். நானும் ரோஷக்காரன்தான். அன்றிலிருந்து போனை எடுக்கவில்லை.

இதற்கு நடுவில் நீங்கள் குட்டிக் குட்டியாக டிக்கெட் அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். ஏதோ ஒன்று 2.3-லிருந்து 2.4 ஆகிறது, வேறொன்று 5.0-லிருந்து 5.1 ஆகிறது. கீழே நீளமாகக் கம்ப்யூட்டர் பாஷை. சம்பந்தி அனுப்பியதைச் சந்தேகப்பட்டால் நன்றாக இருக்காது என்று எல்லாவற்றுக்கும் 'சேர்' பட்டனை அழுத்திப் புரோகிராமுக்குள் விடுகிறேன். "நன்றி சம்பந்தியம்மா, சாப்பிட்டீங்களா?" என்றும் கீழே எழுதுகிறேன். ஒன்றுக்காவது பதில் உண்டா?

இந்தக் கூட்டத்தில் உண்மையான ஆள் ஒருவருடைய டிக்கெட் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு என்றே கோட்டு தைக்கிற ஒரு அம்மா. நான் அவரை நாற்காலிக்காரம்மா என்றுதான் வீட்டில் சொல்வது. நம் தாளை வைத்து வெட்டினால் முதுகுத்துண்டு குட்டையாக வருகிறதாம், போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இடுப்பு தெரிகிறதாம். மிச்சத் துணியை வெட்டாமல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். எனக்குத் தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. என் கடையில் அச்சடித்துப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் முழிக்கிறேன்.

உங்களுக்கு என் மேல் கோபம் என்றால் நேராகச் சொல்லுங்கள். இப்படியே தினமும் திறந்து திறந்து மூடுவதாக இருந்தால் சாவியை உங்களிடமே கொடுத்துவிட்டு நான் என் கத்தரிக்கோலோடு ஒதுங்கிக்கொள்கிறேன்.

வீட்டுக்காரி கேட்கிறாள்: "உங்களுக்குச் சண்டை போட நான் பத்தாதா, இதுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேறயா?"

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

~

ஜூன் 10

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் பிரித்தது என் தப்பு. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அறை, ஏசி இரைச்சலைத் தவிர சத்தமே இருக்காது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சம்பந்தி, அது நான் இல்லை! அது ஒரு ரோபோ!

விளக்கமாகச் சொல்கிறேன், முடிக்கும்வரை பேப்பரைக் கீழே வைக்காதீர்கள். நீங்கள் கோட்டு தைக்கிறீர்கள், ஜிப்பை நீங்களா செய்கிறீர்கள்? பட்டனை? நூலை? எல்லாம் வெளியிலிருந்துதான் வருகிறது. வெட்டுத்தாளும் அப்படித்தான். கோடு போட ஒருவர் எழுதியது, தாளில் அச்சடிக்க இன்னொருவர் எழுதியது, கூட்டிக் கழிக்க மற்றொருவர் எழுதியது. அந்த ரெடிமேட் துண்டுகளைத்தான் பேக்கேஜ் என்பது. அவரவர் தங்கள் பேக்கேஜில் ஓட்டை உடைசலைச் சரிசெய்து புது நம்பர் போட்டு வெளியிட்டுக்கொண்டே இருப்பார்கள். நாமும் புதுசுக்கு மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் மொத்தமும் படுத்துவிடும்.

அதைத் தினமும் உட்கார்ந்து பார்க்க யாரால் முடியும்? அதனால் ஒரு ரோபோவை வைத்தேன். அது விடிந்ததும் எல்லாக் கடையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, புது நம்பர் வந்திருந்தால் டிக்கெட் போடும். பாக்கி எல்லாவற்றையும் அந்தப் பட்டியலில் எழுதி வைக்கும். பட்டியலை மூடினால் மறுநாள் திரும்பத் திறக்கும், அதன் சுபாவம் அது. வைக்கும் அன்றைக்கு அவசரத்தில் தனியாகப் பெயர் கொடுக்காமல் என் சாவியையே, அதாவது என் பாஸ்வேர்டையே, கொடுத்துவிட்டேன். அதனால் அது செய்வதெல்லாம் என் பெயரில், என் மூஞ்சியில் தெரிகிறது. ஒவ்வொரு டிக்கெட்டின் அடியிலும் 'இது தானாக எழுதப்பட்டது' என்று பொடி எழுத்தில் இருக்கிறதே, நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால்தானே!

ஆக, நீங்கள் இத்தனை நாளும் ஒரு மெஷினோடு டூ விட்டிருக்கிறீர்கள். மெஷினிடம் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறீர்கள். மாப்பிள்ளையிடம் சொன்னேன், "எங்கப்பா அப்படித்தான் அத்தை, லிஃப்டுக்கே தேங்க்ஸ் சொல்லுவார்" என்றார்.

நீங்கள் எழுதியது எதுவும் நான் பார்க்கவில்லை. அப்டேட் டிக்கெட் சம்பந்தமாக வரும் மெயில் எல்லாம் தனி மூலைக்குப் போகும்படி வைத்திருந்தேன், அந்த மூலையைத் திறப்பதே இல்லை. போனில் தானாக நடக்கிறது என்று சொன்னதும் இந்த ரோபோ வேலையைத்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சர்வர் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது, அதனால் பட்டென்று வைத்தேன். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. இதற்குப் போய் சாவி, கத்தரிக்கோல் என்று பெரிய வார்த்தையெல்லாம் எதற்கு?

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். சண்டைக்கு அவர்கள் தாராளமாகப் போதும்.

உங்கள் சம்பந்தியம்மா

~

ஜூன் 15

சம்பந்தியம்மாவுக்கு,

சிரித்தது போதுமா? இங்கேயும் எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள். வீட்டுக்காரி சிரித்தாள். கடையில் பட்டன் தைக்கிறவர் சிரித்தார். என் பையன் போன் செய்து ஹலோகூடச் சொல்லாமல் சிரித்துவிட்டு வைத்தான். நானும் சிரிக்கலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை.

முதலில் இன்னொரு கூத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று, சரி, ரோபோதானே, அதன் கணக்கைத் தீர்த்துவிடுவோம் என்று பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. எங்கள் கடையில் ஒரு பெயருக்கு டிக் போட்டால் அந்தத் துணி முடிந்தது, வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அர்த்தம். முப்பது வருஷமாக அப்படித்தான். அந்தப் பழக்கத்தில் எல்லாப் பெட்டிக்கும் டிக் போட்டேன். டிக் போட்டுவிட்டு நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

திரும்பி வந்தால் உங்கள் முகம், உங்கள் முகம், உங்கள் முகம். பக்கம் முழுக்க நீங்கள்தான். டிக் போட்டால் 'இதை இப்போதே அனுப்பு' என்று அர்த்தமாம். யாருக்குத் தெரியும்? பட்டியலில் சும்மா கிடந்ததெல்லாம் டிக்கெட்டாகி எழுந்து நின்றுவிட்டது. நாற்காலிக்காரம்மா இப்போது நான்காம் பக்கத்தில் இருக்கிறார். வெளிநாட்டுத் தையல்காரர் ஒருவர் "உங்கள் அம்மையார் ஏன் இவ்வளவு உழைக்கிறார், ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறார்.

அதைப் படித்தபிறகுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. ரோபோ போட்டதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, நீங்களே உங்கள் கையால் செய்தது எது என்று தேடிப் பார்த்தேன். பொடி எழுத்து உள்ளதைத் தள்ளி, இல்லாததை மட்டும் பார்த்துக்கொண்டே கீழே போனேன். போய்க்கொண்டே இருந்தேன். போன மழைக்காலத்தில் ஒரு காலர் திருத்தம் இருக்கிறது. அதோடு சரி.

சம்பந்தியம்மா, எனக்கு வருத்தம் ரோபோவோடு சண்டை போட்டதில் இல்லை. காலையில் கடையைத் திறந்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டால் உங்கள் படம் முதலில் வரும். "சண்டைன்னாலும் சம்பந்தியம்மா வேலையை விடல பாரு"ன்னு வீட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்த மாதிரி ஒரு ஆளோடு சேர்ந்து ஒரு காரியம் செய்கிறோம் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இப்போது பார்த்தால் அங்கே யாருமே இல்லை. நானும் ஒரு மெஷினும்தான் இருந்திருக்கிறோம்.

எங்கெங்கோ இருக்கிற தையல்காரர்கள் நம்மை நம்பித் துணியில் கத்தரி வைக்கிறார்கள். எனக்குக் கோட்டு வெட்டத் தெரியும், புரோகிராமைத் திருத்தத் தெரியாது. நான் மட்டும் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் 'பார்க்கிறோம், பார்க்கிறோம்' என்று சொல்லிக்கொண்டிருப்பது ஏமாற்று வேலை.

அதனால் நேராகவே கேட்கிறேன். நீங்கள் இதில் இருக்கிறீர்களா, இல்லையா? இல்லை என்றால் குற்றம் சொல்ல மாட்டேன். இனி யாரும் பார்ப்பதற்கில்லை என்று மேலே ஒரு வரி எழுதி, வெட்டுத்தாளை மூடிவிடலாம். மூடினால் அது மறுநாள் தானாகத் திறக்காது என்று நினைக்கிறேன்.

உங்கள் சம்பந்தி

~

ஜூன் 21

அன்புள்ள சம்பந்திக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப்போட்டுவிட்டு எழுதுகிறேன். மூன்றிலும் நான் சாக்கு சொல்லியிருந்தேன்.

சாக்கு இல்லாமல் சொல்வதென்றால், நான் போனதே எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் பகல் பூராவும் இதே வேலைதான். எந்த மெஷினில் எது பழசு, எதைப் புதுசாக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரைக் கண்டாலே எரிச்சலாக இருந்தது. ரோபோவை வைத்தேன். எதுவும் கெடவில்லையா என்று தானாகப் பார்க்கிற டெஸ்ட் எல்லாம் பச்சை விளக்கு காட்டியது. டிக்கெட்டுகளுக்கு நீங்கள் என்னைவிட நன்றாகப் பதில் சொன்னீர்கள். எல்லாம் ஓடுகிறதே, நடுவில் நான் எதற்கு என்று விட்டுவிட்டேன். என் பெயர் அங்கே தினமும் நடமாடிக்கொண்டிருந்ததால், வராமல் இருக்கிறோமே என்ற உறுத்தல்கூட எனக்கு வரவில்லை. நீங்கள் தேடிப் போய் அந்தக் காலரைக் கண்டுபிடித்தபிறகுதான் வந்தது. நன்றாகவே வந்தது.

இருக்கிறேன் சம்பந்தி. மூடாதீர்கள்.

வெறும் வார்த்தையாகச் சொல்லக் கூடாது என்பதற்காக இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் மத்தியானச் சாப்பாடு இவர் கைக்குப் போனது, அதைப் பற்றித் தனியாக ஒரு புகார் எழுதலாம்.

முதல் வேலையாக ரோபோவிடமிருந்து என் சாவியைப் பிடுங்கிவிட்டேன். அதற்கு இனி சொந்தப் பெயர், சொந்தப் படம். பெயர் வைக்கும் உரிமை உங்களுக்கு, அதோடு அதிகம் பழகியவர் நீங்கள்தான். இனி அது திங்கட்கிழமை காலையில் மட்டும்தான் வரும். சில்லறைச் சமாச்சாரங்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுவரும். அதன் டிக்கெட்டுகளுக்குச் சாம்பல் நிறச் சீட்டு ஒட்டிக் கீழே தள்ளிவிட்டேன், மனுஷர்கள் எழுதியது எப்போதும் மேலேதான் நிற்கும். நீங்கள் டிக் போட்டுக் கிளப்பிவிட்ட பட்டாளத்தையும் திரும்பப் பட்டியலுக்கே அனுப்பியாயிற்று. பெட்டிகளை மட்டும் இனி தொடாதீர்கள், கும்பிடுகிறேன்.

அப்புறம் நாற்காலிக்காரம்மா. அவர் டிக்கெட்டைப் படித்துவிட்டு, எப்போதிலிருந்து குட்டையாக வருகிறது என்று ஒவ்வொரு மாற்றமாகப் பின்னால் போய்ப் பார்த்தேன். கிடைத்துவிட்டது. அச்சடிக்கிற பேக்கேஜின் புது நம்பரில், ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு விரல்கடை ஓரம் விடுகிறார்கள். அந்த ஓரத்தில் விழுகிற கோடு அச்சாகாமலே போய்விடுகிறது. நீளமான துண்டு ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு இறங்கும்போது தாளோடு தாள் ஒட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு விரல்கடை காணாமல் போகிறது. நாற்காலியில் உட்கார்பவருக்கு முதுகு நீளமாக வேண்டும், அவருக்குத்தான் அடி அதிகம். உங்களுக்கு ஏன் தெரியவில்லை என்றால், உங்கள் கடையில் இருப்பது சுருள் பேப்பர். ஒட்டே கிடையாது.

டெஸ்ட் எப்படிப் பச்சை காட்டியது என்று கேட்பீர்கள். நான் எழுதிய டெஸ்ட் எத்தனை துண்டு வருகிறது என்று எண்ணுகிறதே தவிர, ஒன்றையாவது அளந்து பார்க்கவில்லை. தையல்காரர் வீட்டுச் சம்பந்தம் வைத்துக்கொண்டு அளக்காமல் விட்டிருக்கிறேன் பாருங்கள்.

இன்னொன்று. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன். அந்த அப்டேட்டின் கீழே 'சேர்' அழுத்தியது நீங்கள். "நன்றி சம்பந்தியம்மா, சாப்பிட்டீங்களா?"

உங்கள் சம்பந்தியம்மா

~

ஜூன் 28

சம்பந்தியம்மாவுக்கு,

அந்தக் கடைசி வரியை வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது. இப்போது நான் எதற்கு நன்றி சொன்னாலும் "சாப்பிட்டீங்களா?" என்கிறாள்.

தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். என்னுடையது மட்டும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கடைக்கு ஜிப் வந்தால் ஒன்றை எடுத்து நாலு தடவை இழுத்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன். அதே ஜிப்பைச் சம்பந்தி வீட்டிலிருந்து அனுப்பினால் இழுத்தா பார்ப்பேன்? மரியாதைக்குறைவு என்று அப்படியே வாங்கி வைத்துக்கொள்வேன். உங்கள் ரோபோவும் உங்கள் முகத்தை மாட்டிக்கொண்டு வந்தது, நானும் சம்பந்தி மரியாதையை மெஷினுக்குச் செய்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்ததும் முனையிலிருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போய் நாற்காலிக்காரம்மாவின் முதுகுத்துண்டைச் சாதாரணத் தாளில் எடுத்து வந்தேன். வெட்டும் மேஜையில் பரப்பி ஒட்டினேன். டேப்பை வைத்தேன். நீங்கள் சொன்னபடியே ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு விரல் குறைகிறது. வேறு பதில் தெரியாமல் அவரிடம் "எங்ககிட்ட சரியாத்தாம்மா வருது" என்று எழுதிக்கொண்டிருந்தேனே என்று நினைக்க எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். "துணி காத்திருக்கும், மனுஷங்கதான் காத்திருக்க மாட்டாங்க" என்று பதில் போட்டிருக்கிறார். தங்கமான மனுஷி.

இப்போது என் கோரிக்கை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் அளவு குறித்த ஒரு சதுரம் வரட்டும். தையல்காரர் கத்தரி எடுப்பதற்கு முன்னால் டேப்பை அந்தச் சதுரத்தில் வைத்துப் பார்க்கட்டும். அதோடு சதுரம் மட்டும் போதாது. தாளில் பாதி போனாலும் சதுரம் ஒழுங்காகவே இருக்கும். அதனால் தோளிலிருந்து அடிவரை முழு நீளம் எவ்வளவு வர வேண்டும் என்று ஒவ்வொரு துண்டுக்கும் நான் அளந்து அனுப்புகிறேன். பிளவுஸ், சட்டை, கோட்டு எல்லாவற்றுக்கும். நீங்கள் அதை டெஸ்டில் போடுங்கள். இனி ரோபோ எதைக் கொண்டுவந்தாலும் முதலில் அளந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவது. சம்பந்தியாகவே இருந்தாலும் சரி.

பெயர் விஷயம். நிறைய யோசித்தேன். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறது. கையில் மூட்டையோடு வருகிறது. நம் வீட்டில் இருப்பதெல்லாம் பழசு என்று குறை சொல்கிறது. போ என்று கதவைச் சாத்தினால் மறுநாள் திரும்ப வருகிறது. இதற்கு 'மூன்றாவது சம்பந்தி' என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. மருமகளிடம் கேட்டேன். "அப்போ முதல் ரெண்டு பேரும் அப்படித்தான்னு ஒத்துக்கறீங்களா மாமா?" என்கிறாள். உங்கள் வளர்ப்பு.

நேற்று அளவெடுக்க உட்கார்ந்தபோது பழையது நினைவுக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் மகளுக்குக் கோட்டு தைக்க அளவு கேட்டேன். நீங்கள் போனில் ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள், நான் எழுதியதை நீங்கள் நம்பவில்லை, நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை. கடைசியில் "இருங்க சம்பந்தி, நானே வெட்டுத்தாளா அனுப்பிடறேன்" என்று சொல்லி, சொன்ன வாரமே ஒரு புரோகிராம் எழுதி அனுப்பினீர்கள். கோட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றைக்கு உங்கள் வீட்டில் சம்பந்தம் செய்ததற்கு எனக்கு வந்த சந்தோஷம் சாதாரணமானதில்லை. அதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

போனில் கூப்பிட்டாலும் எடுப்பேன். ஆனால் கடிதம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. இதில்தான் நான் சொல்ல வந்ததை முடிக்க முடிகிறது.

உங்கள் சம்பந்தி

~

ஜூலை 5

அன்புள்ள சம்பந்திக்கு,

அவசரமாக நாலு வரி, பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுவதால் எழுத்து ஆடும்.

மூன்றாவது சம்பந்திக்கு நாமகரணம் ஆயிற்று. படம், ஒரு மூட்டை.

நீங்கள் அனுப்பிய அளவெல்லாம் டெஸ்டில் ஏறிவிட்டது. ஏற்றியதும் பழைய அச்சு பேக்கேஜை வைத்து ஓட்டிப் பார்த்தேன், பச்சை. புதுசை வைத்தேன், முதுகுத்துண்டில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அலுவலகத்தில் சிவப்பைப் பார்த்தால் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு ஓடுவேன். இதைப் பார்த்ததும் கை தட்டினேன். இவர் எட்டிப் பார்த்து "என்ன, ஜெயிச்சுட்டியா?" என்றார். தோத்ததுக்குத்தான் தட்டறேன் என்றேன். புரியாத மாதிரி தலையாட்டிவிட்டுப் போனார்.

அச்சு பேக்கேஜைப் பழைய நம்பரிலேயே கட்டி வைத்துவிட்டேன். அதை எழுதியவருக்கும் அவர் பக்கத்தில் ஒரு டிக்கெட் போட்டிருக்கிறேன், உங்கள் மேஜையில் ஒட்டிய தாளின் போட்டோவோடு. உங்கள் டேப்பும் கட்டைவிரலும் அதில் தெரிகின்றன, இனி நீங்கள் உலகப் புகழ். அவர் சரிசெய்ததும் மூன்றாவது சம்பந்தி மூட்டையில் வைத்துக் கொண்டுவரும், அளந்து பார்த்து உள்ளே விடலாம்.

புது வெட்டுத்தாளை வெளியிட்டாயிற்று. நாற்காலிக்காரம்மா வெட்டிப் பார்த்துவிட்டாரா என்று எனக்குத் தவிப்பாக இருக்கிறது. தெரிந்தால் எழுதுங்கள்.

நீங்கள் கல்யாணக் கோட்டைப் பற்றி எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். இறங்கும் இடம் வந்துவிட்டது.

ச.

~

ஜூலை 14

சம்பந்தியம்மாவுக்கு,

நாற்காலிக்காரம்மா வெட்டிவிட்டார், தைத்தும் விட்டார். படம் அனுப்பியிருக்கிறார். சக்கர நாற்காலியில் ஒருவர் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார், கோட்டு இடுப்புக்குக் கீழே இறங்கி இருக்கையில் அழகாகப் பதிந்திருக்கிறது. ஒரு சுருக்கம் இல்லை. வெட்டும் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். வாடிக்கையாளர்கள் யாரென்று கேட்கிறார்கள். "எங்க சம்பந்தியம்மாவும் நானும் வெட்டின கோட்டு" என்று சொல்கிறேன். மூன்றாவது சம்பந்தியைச் சொல்வதில்லை, அதற்கு ஏற்கெனவே தலைக்கனம்.

நேற்று திங்கட்கிழமை. அது மூட்டையோடு வந்தது. உள்ளே ஆறேழு சில்லறை. டெஸ்ட் அளந்தது, பச்சை காட்டியது, அதன்பிறகும் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் 'சேர்' அழுத்தினேன். நன்றி சொல்லவில்லை. கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

இன்றைக்குச் செவ்வாய். காலையில் கடையைத் திறந்தேன். இஸ்திரிப் பெட்டியைப் போட்டேன். கம்ப்யூட்டரில் ஒன்றும் இருக்காது என்று தெரியும், சும்மா பழக்கத்தில்தான் பார்த்தேன்.

உங்கள் முகம் இருந்தது.

மூன்றாவது சம்பந்தி உங்கள் சாவியைத் திருடிவிட்டதோ என்று அடியில் போய்ப் பொடி எழுத்தைத் தேடினேன். இல்லை. மேலே வந்து தலைப்பைப் படித்தேன்: "தோளில் கை சேரும் இடம் சுருங்குகிறது: இதை நான் எடுத்துக்கிறேன்." போனில் நான் கேட்டு, நாம் சண்டை போட்டுக்கொண்ட அதே சமாச்சாரம்.

அதோடு விட்டீர்களா? இத்தனை நாளும் நான் அந்த மெஷினுக்கு எழுதி வைத்த கேள்விகள் ஒவ்வொன்றையும் தேடிப் போய்க் கீழே பதில் எழுதியிருக்கிறீர்கள். பட்டன் தைக்கிறவரை அழைத்துக் காட்டினேன். "சாப்பிட்டாச்சு சம்பந்தி." "இன்னிக்கு லேட்டு, இனிமேத்தான்." "இவர் சமைச்சார், அதனால சாப்பிட்டேன்னு சொல்ல முடியாது." "ஆச்சு, நீங்க?" கடைசிவரைக்கும் ஒன்றைக்கூட விடவில்லை. அந்த வெளிநாட்டுத் தையல்காரர்கூட "அம்மையார் நலமாகச் சாப்பிடுவது அறிந்து மகிழ்ச்சி" என்று எழுதியிருக்கிறார்.

பட்டன் தைக்கிறவர் சிரித்தார். இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

தோள் அளவெல்லாம் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உயரமானவர், குட்டையானவர், கூன் உள்ளவர் மூவருக்கும். சந்தேகம் இருந்தால் போன் செய்யுங்கள், நடுவில் பேச மாட்டேன்.

சாயங்காலம் கடையைச் சாத்தும்போது கை தானாக 'மூடு' பட்டனுக்குப் போயிற்று. உங்கள் படத்தைப் பார்த்ததும் எடுத்துவிட்டேன். அந்த டிக்கெட் திறந்தே இருக்கிறது.

சாப்பிட்டீங்களா?

உங்கள் சம்பந்தி